ஐந்தாவது வாக்குச்சீட்டு

இது கொஞ்சம் நீளமான பதிவு. காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்கள் இரவு உட்கார்ந்து படியுங்கள். பாதி படித்துவிட்டு லைக் போட வேண்டாம்.

சில மாதங்களாக எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி ஒரே கேள்விதான். "சார், பைபாஸ் ஓரம் பிளாட் போடுறாங்க, வாங்கலாமா?" பணம் உங்களுடையது, முடிவும் உங்களுடையது. நான் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி. போன தை வரை நெல் அறுத்த வயல் இன்றைக்கு மனையாகலாம் என்று முடிவு செய்தது யார்? அந்த ஊரில் ஓட்டு உள்ள ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டார்களா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரின் விளைநிலத்தையோ நீர்ப்பிடிப்பையோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதென்றால், அந்த ஊர் வாக்காளர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பெரும்பான்மையோர் சம்மதித்தால்தான் மாற்றலாம் என்று சட்டம் வர வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டம் போதாது. கிராம சபையில் கை தூக்குவதும் போதாது. வாக்குச்சீட்டு வேண்டும்.

இப்போது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நமக்கு 1971ஆம் ஆண்டின் நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி நகரங்களுக்கும் அவற்றின் சுற்றுப்புறங்களுக்கும் மாஸ்டர் பிளான் போடுகிறார்கள். எந்த சர்வே எண் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று அதில் வகை பிரித்திருக்கும். வகையை மாற்ற வேண்டும் என்றால் மனு போடலாம். நாளிதழில் ஓர் அறிவிப்பு வரும். ஆட்சேபணை இருந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மாஸ்டர் பிளான் இல்லாத பகுதிகளுக்கு 2017இல் தனி விதிகள் வந்தன. அங்கேயும் விண்ணப்பம், துறைகளின் கருத்து, அனுமதி என்று கோப்புதான் நகர்கிறது.

சர்வே எண்ணும் ஹெக்டேரும் மட்டும் போட்டு, உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் அந்த அறிவிப்பை உங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? படித்த நமக்கே இந்த லட்சணம். வரப்புக்கு அந்தப் பக்கம் உழுதுகொண்டிருப்பவருக்கு ஜேசிபி வந்து நின்ற பிறகுதான் விஷயம் தெரியும். அப்போது அவர் தாலுகா ஆபீசுக்கு ஓடினால், "ஆட்சேபணைக் காலம் முடிஞ்சு போச்சுப்பா" என்பார்கள்.

இதையாவது முறையாகச் செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. அங்கீகாரம் இல்லாத மனைகள் பெருகிப் பெருகி, 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைப் பத்திரப்பதிவு செய்யவே தடை போட வேண்டியதாயிற்று. 2017 மே மாதம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. கட்டணம் கட்டியவர்களுக்கு மனை சட்டப்படியானது. மூடிய வாய்க்கால் திரும்பி வந்ததா? எந்தக் கட்டணமும் அதைத் திருப்பித் தராது.

இங்கே ஒருவர் உடனே கேட்பார். கேட்டும் இருக்கிறார், நம் உறவினர்தான். "மாமா, என் நிலம், நான் விக்கிறேன். ஊர்க்காரனுக்கு என்ன வந்தது?"

நியாயமான கேள்வி. மாப்பிள்ளை, நீங்கள் விற்பதை யாரும் தடுக்கவில்லை. யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம். நான் பேசுவது விற்பனையைப் பற்றி அல்ல, பயன்பாட்டை மாற்றுவதைப் பற்றி. நஞ்சை நிலம் என்பது தனித்தனிப் பட்டாவாக இருந்தாலும் தண்ணீரால் ஒன்றாகக் கட்டப்பட்டது. அதைத்தான் ஆயக்கட்டு என்கிறோம். மடையில் கிளம்பும் வாய்க்கால் ஒருவர் வயலைத் தாண்டித்தான் அடுத்தவர் வயலுக்குப் போகிறது. தலைமடையில் இரண்டு ஏக்கரில் கிராவல் கொட்டி மேடாக்கி, கல் நட்டுவிட்டால், கடைமடைக்காரர் இரண்டு வருடம் தரிசு போடுவார். மூன்றாம் வருடம் புரோக்கர் அவர் வீட்டுத் திண்ணைக்கு வருவார். அவரும் கையெழுத்துப் போடுவார். அவர் தன் விருப்பத்தோடு விற்றார் என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். உண்மையில் அவருக்கான முடிவை நீங்கள் இரண்டு வருடம் முன்பே எடுத்துவிட்டீர்கள்.

மழைக்காலத்தில் இதன் மறுபக்கம் தெரியும். மேடாக்கிய மனைப்பிரிவில் விழும் மழை எங்கே போகும்? பள்ளத்துக்குப் போகும். ஊரில் பள்ளத்தில் இருப்பது யார் வீடு என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தருகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அதன் பிறகு அந்தத் தெருவுக்கு விளக்கு, குடிநீர், குப்பை, வடிகால் எல்லாம் ஊராட்சியின் செலவு. லாபம் ஒருவருக்கு, பராமரிப்பு ஊருக்கு. செலவு ஊருடையது என்றால் சம்மதமும் ஊருடையதாகத்தானே இருக்க வேண்டும்?

சென்னையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கரணை பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சதுப்பு நிலம் அது. குப்பைக் கிடங்கு, சாலை, ரயில் நிலையம், கல்வி நிறுவனங்கள், ஐடி கட்டடங்கள் என்று ஒவ்வொரு துண்டாகப் போயிற்று. 2022இல் அதை ராம்சார் தளமாக அறிவித்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டிருக்கும், ஒரு கோப்பு இருந்திருக்கும். மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்து "சம்மதமா?" என்று மக்களிடம் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. 2015 டிசம்பரில் மொட்டை மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தவர்களுக்கு அதன் விலை தெரியும்.

"கிராம சபை இருக்கே சார், அங்க பேசலாமே" என்று சிலர் எழுதுகிறீர்கள். கிராம சபையை நான் மதிக்கிறேன். நீங்களும் போக வேண்டும். ஆனால் அதன் தீர்மானத்துக்கு இந்த விஷயத்தில் என்ன பலம் என்று இரண்டு ஊர்களை வைத்துப் பார்ப்போம்.

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் பற்றித் தெரிந்ததும் மேலூர் வட்டாரத்துக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரம். 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் போகிறது. அந்த ஊர் கிராம சபை ஒரு முறை இரண்டு முறை இல்லை, திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. திட்டம் நிற்கவில்லை.

இரண்டு ஊர்த் தீர்மானமும் ஒரே மாதிரி மினிட் புத்தகத்தில் எழுதியதுதான். ஒன்று ஜெயித்தது, ஒன்று தோற்றது. ஏன்? ஓர் ஊரில் கட்சிகள் எல்லாம் மக்கள் பக்கம் நின்றன. இன்னோர் ஊரில் திட்டத்தைக் கொண்டுவந்ததே அரசுகள். கட்சிகளின் வசதியைப் பொறுத்து ஜெயிப்பதும் தோற்பதும் உரிமை ஆகுமா? சட்ட பலம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவின் நியம்கிரி சாட்சி. அங்கே வன உரிமைச் சட்டம் இருந்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்றது. 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. அடுத்த ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. மலையடிவாரத்து ஆதிவாசி மக்களுக்கு இருந்த அந்த பலம், ஏரிப் பாசனத்தில் பயிர் செய்யும் நம் விவசாயிக்கு ஏன் இருக்கக் கூடாது?

கிராம சபைக்கு இன்னொரு குறை உண்டு. எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். நிலம் விற்க நிற்பவர் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் கைமாற்று வாங்கியவர், அவர் வயலில் களை எடுப்பவர், அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் எப்படிக் கை தூக்குவார்கள்? சீட்டை மடித்துப் பெட்டியில் போடும்போதுதான் அந்தக் கை தைரியமாக இருக்கும்.

நிலம் கையகப்படுத்தும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் சம்மதம் கேட்கும் ஏற்பாடு இருக்கிறது. தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் 80 சதவீதம், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டத்துக்கு 70 சதவீதம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அரசு தன் திட்டத்துக்கு நேரடியாக எடுத்தால் அந்தச் சம்மதம் தேவையில்லை. நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை போன்றவற்றுக்காகத் தமிழ்நாடு தன் பழைய சட்டங்களையே தனியாக வைத்துக்கொண்டிருக்கிறது. முக்கியமாக, அங்கே சம்மதம் கேட்பது நிலம் உள்ள குடும்பங்களிடம். ஒரு சென்ட் கூட இல்லாமல் நாற்று நட்டுப் பிழைக்கும் பெண்ணிடம் கேட்பதில்லை. வயல் போனால் முதலில் வேலை போவது அவளுக்குத்தான். நிலம் விற்ற பணமும் அவளுக்கு வராது. அதனால்தான் நான் பட்டாவை எண்ணாதீர்கள், வாக்காளரை எண்ணுங்கள் என்கிறேன். வாக்காளர் பட்டியலில் மட்டும்தான் பண்ணையாருக்கும் அவளுக்கும் ஒரே ஒரு வரி.

சரி, எப்படி நடத்துவது? 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். ஒரு வாக்காளர் கையில் நான்கு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் கூட நிறம் பார்த்துக் குத்திவிட்டுப் போனார்கள். நான் கேட்பது ஐந்தாவதாக ஒரு சீட்டு. "இந்த ஊராட்சியின் இன்ன சர்வே எண்களில் உள்ள இத்தனை ஏக்கர் நஞ்சையை மனையாக மாற்றச் சம்மதமா?" ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். தேர்தல் இல்லாத ஆண்டுகளில் வருடத்துக்கு ஒரு நாள் குறித்து, வந்த மனுக்களை எல்லாம் சேர்த்து வாக்கெடுப்பு நடத்தலாம். செலவை மனு போட்டவரிடம் வாங்கலாம்.

என் யோசனைகள் இவை:

1. ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட நஞ்சை, ஏரி குளங்களின் நீர்ப்பிடிப்பு, மேய்ச்சல் நிலம் போன்ற பொது இடங்கள் ஆகியவற்றின் பயன்பாட்டை மாற்ற மட்டும் வாக்கெடுப்பு.
2. வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்பே வரைபடம் ரேஷன் கடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டப்பட வேண்டும். வாய்க்கால் எங்கே, வடிகால் எங்கே என்று அதில் தெரிய வேண்டும்.
3. வாக்காளர்களில் பாதிப் பேராவது வாக்களித்திருக்க வேண்டும்.
4. தோற்ற மனுவை மூன்று வருடத்துக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. கேட்டுக் கேட்டுச் சலிக்க வைத்துச் சம்மதம் வாங்கும் வேலை நடக்கக் கூடாது.
5. தன் நிலத்தில் தான் குடியிருக்க வீடு கட்டுபவருக்கு விலக்கு. வீடற்றவர்களுக்கான இலவச மனைப் பட்டா, ஆதிதிராவிடர் குடியிருப்பு, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றுக்கும் முழு விலக்கு.

ஐந்தாவது விதியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இந்த யோசனைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களிலேயே கனமானது அதில்தான் இருக்கிறது. என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், ஓட்டுக்கு விட்டா எங்க சனத்துக்குப் பட்டா கொடுக்கறதையே தோக்கடிச்சிருவாங்களே?" ஆமாம், தோற்கடிப்பார்கள். நம் ஊர்களை எனக்குத் தெரியும். தலைக்கு மேல் கூரை, செத்தவரைக் கொண்டுபோகப் பாதை, இவை உரிமைகள். உரிமையைப் பெரும்பான்மையின் வாக்குக்கு விடக் கூடாது. ஊர்ச் சொத்தின் பயன்பாட்டை மட்டும்தான் வாக்குக்கு விட வேண்டும். இந்தக் கோட்டைச் சட்டத்திலேயே கிழிக்க வேண்டும். அது இல்லாமல் வரும் வாக்கெடுப்புச் சட்டத்தை நானே எதிர்ப்பேன்.

அடுத்து, "காசு கொடுத்து ஓட்டை வாங்கிருவான்" என்கிறார்கள். வாங்கப் பார்ப்பார்கள்தான். ஆனால் இன்றைக்கு எத்தனை பேரை வாங்கினால் போதும்? இரண்டு மூன்று பேர். இரண்டாயிரம் பேரை வாங்குவது அதைவிடக் கஷ்டம், செலவும் அதிகம், வெளியே தெரியவும் செய்யும். பணம் புரள்கிறது என்று சட்டமன்றத் தேர்தலை யாரும் நிறுத்தச் சொல்வதில்லையே.

"பாமர மக்களுக்கு ஊரமைப்பு பற்றி என்ன தெரியும்?" இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் எந்தத் தெருவில் நிற்கும், எந்த வாய்க்கால் எத்தனை நாளில் வடியும் என்று ஊரில் ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். வல்லுநர் வரைபடம் போடட்டும், விளக்கட்டும். சம்மதம் சொல்ல வேண்டியது அங்கே வாழ்பவர்.

"வளர்ச்சி நின்றுவிடும்" என்பது கடைசி வாதம். ஏன் நிற்க வேண்டும்? வேலை தரும் தொழிற்சாலை வருகிறது என்றால் ஊருக்கு வந்து கணக்குச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு தண்ணீர் எடுப்பீர்கள், கழிவு எங்கே போகும் என்று சொல்லுங்கள். மக்கள் "ஆம்" என்று குத்தினால் நானும் வாய் திறக்க மாட்டேன். பல ஊர்கள் "ஆம்" என்றுதான் சொல்லும் என்று நினைக்கிறேன்.

இது வெறும் வாத்தியார் கனவு என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் இருக்கும் நம் பிள்ளைகள் லாஸ் ஏஞ்சலஸுக்கு வடமேற்கே உள்ள வென்சுரா மாவட்டத்தைப் பார்த்திருப்பார்கள். எலுமிச்சையும் ஸ்ட்ராபெரியும் விளையும் பூமி. அங்கே விளைநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டும் என்றால் வாக்காளர் ஒப்புதல் வேண்டும் என்று 1998இல் மக்களே வாக்களித்துச் சட்டமாக்கினார்கள். 2016இல் மறுபடி வாக்களித்து அதை 2050 வரை நீட்டித்தார்கள். நில வகை மாற்றத்தை மக்கள் வாக்குக்கு விடுவது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976லேயே ஓர் ஒஹாயோ வழக்கில் சொல்லிவிட்டது. சுவிட்சர்லாந்தில் 2013 மார்ச்சில் நாடு முழுவதும் நடந்த வாக்கெடுப்பில், கட்டட மனைகள் தாறுமாறாகப் பரவுவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு 62.9 சதவீதம் பேர் ஆதரவு தந்தார்கள்.

தோற்ற கதையும் உண்டு, அதை மறைப்பது வாத்தியாருக்கு அழகல்ல. புளோரிடாவில் 2010இல் ஊர்த் திட்டத்தில் செய்யும் எந்த மாற்றத்துக்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்று ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். சின்ன மாற்றத்துக்கும் பெரிய மாற்றத்துக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் மக்களே சலித்துப்போவார்கள் என்பதுதான் அதில் நான் எடுத்துக்கொள்ளும் பாடம். வென்சுராவிலும், வீட்டு விலை ஏறியதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம் என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் மேலே ஒரு ஏக்கர் எல்லையும் விலக்குப் பட்டியலும் வைத்தேன்.

டெல்டாக்காரர்கள் "எங்களுக்குத்தான் 2020லேயே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டதே" என்பீர்கள். அதன் தடைப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். எண்ணெய், எரிவாயுக் கிணறு, உருக்காலை, தோல் தொழிற்சாலை என்று இருக்கும். வீட்டுமனைப்பிரிவு அதில் இல்லை. கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் ஊர் அளவில் ஒரு கண்காணிப்புக் குழு வைத்தது. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலரோடு விவசாயிகளின் பிரதிநிதிகளும் அதில் உண்டு. நமக்கு அதுவும் இல்லை.

நமக்கோ பல நேரம் ஊராட்சித் தலைவரே இருப்பதில்லை. 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லை. 2019இல் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பெரும்பாலான மாவட்டங்களில் மறுபடி தனி அலுவலர் கையில் ஊராட்சி போனது. ஊரின் நிலம் பற்றி ஊர் சார்பில் கையெழுத்துப் போடும் இடத்தில் ஊரார் தேர்ந்தெடுக்காத ஒருவர் இருக்கிறார். இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

கடைசியாக உங்களிடம் சில வேலைகள். வருவாய்த் துறையில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் மேசைக்கு வரும் வகை மாற்ற அறிவிப்பை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அது ரகசியமில்லை, அரசே விளம்பரம் செய்தது. ரியல் எஸ்டேட் செய்யும் தம்பிகளே, உங்கள் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. தரிசும் மேடும் எவ்வளவோ கிடக்கிறது, அங்கே மனை போடுங்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து பிளாட் வாங்குபவர்களே, பத்திரம் பார்ப்பதோடு அந்த இடம் ஆயக்கட்டா என்று அ-பதிவேட்டையும் பாருங்கள். ஊரில் இருப்பவர்களே, அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும் எல்லாக் கட்சிக்காரரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஐந்தாவது சீட்டுக்கு நீங்கள் ஆதரவா, இல்லையா?" பதிலை இங்கே கீழே எழுதுங்கள். கட்சிப் பெயரோடு எழுதுங்கள், வசவு வேண்டாம்.

எனக்கு மறுப்புச் சொல்ல விரும்புபவர்களும் எழுதலாம். வகுப்பிலேயே என்னை எதிர்த்துப் பேசியவர்கள்தானே நீங்கள்.